எடிட்டருங்க எல்லாரும் எழுந்து போயிட்டா அந்த ஜர்னல் யாரோடது?

கேட்டிருந்த கேள்வி இதுதான்: தத்துவத்துல டாப் ஜர்னல்னு சொல்றதுலேர்ந்தெல்லாம் எடிட்டருங்க மொத்தமா ராஜினாமா பண்ணிட்டு வேற பேர்ல புது ஜர்னல் ஆரம்பிக்கறாங்களாமே, என்ன தகராறு, யார் பக்கம் நியாயம், அரசியல் தத்துவத்துல பிஎச்டி பண்ணிட்டிருக்கற நான் இனிமே பேப்பர எங்க அனுப்பறது?

நானும் இதே ஏரியாலதான் பிஎச்டி முடிச்சேன், இப்போ ஒரு காலேஜ்ல பாடம் எடுக்கறேன், வருஷத்துக்கு நாலஞ்சு பேப்பர் ரெவ்யூ பண்ணிக் குடுக்கறேன், அதாவது ஜர்னலுக்கு வர்ற கட்டுரையப் போடலாமா வேணாமான்னு படிச்சுச் சொல்றது. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், அவசரம்னா கடைசிக்குப் போயிடுங்க.

நடந்தது ரெண்டு சம்பவம். மொதல்ல ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் ஃபிலாசஃபி. 1993ல ராபர்ட் குடின் ஆரம்பிச்சது, ஆஸ்திரேலியன் நேஷனல் யுனிவர்சிட்டி ஆளு, முப்பது வருஷமா அவர்தான் எடிட்டர். பப்ளிஷர் வைலிங்கற கம்பெனி. 2023 நவம்பர்ல பார்த்தா கம்பெனி அவர எடிட்டர் வேலைலேர்ந்து தூக்கிடுச்சுன்னு தகவல் வெளிய வருது. ஆரம்பிச்சவரையே தூக்கினாங்கன்னு தெரிஞ்சதும் கூட இருந்த எடிட்டருங்க, எடிட்டோரியல் போர்டுல (ஆசிரியர் குழுல) இருந்தவங்கன்னு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா விலகிட்டாங்க. வருஷத்துக்குப் போடற கட்டுரை எண்ணிக்கைய நல்லா ஏத்துங்கன்னு வைலி நெருக்கினாங்க, இவர் ஒத்துக்கல, அதான் காரணம்னு விலகினவங்க பக்கத்துலேர்ந்து சொன்னாங்க. அடுத்த வருஷமே பொலிட்டிகல் ஃபிலாசஃபின்னு, பழைய பேர்ல முன்னாடி இருந்தத வெட்டிட்டு, புது ஜர்னல் வந்துடுச்சு.

ஆறே மாசத்துல, 2024 மே, ஃபிலாசஃபி அண்ட் பப்ளிக் அஃபேர்ஸ். இங்க யாரையும் யாரும் தூக்கல. சீஃப் எடிட்டர் அன்னா ஸ்டில்ஸ்லேர்ந்து கடைசி போர்டு மெம்பர் வரைக்கும் ஒருத்தர் பாக்கி இல்லாம ராஜினாமா குடுத்துட்டு, இனிமே ஃப்ரீ அண்ட் ஈக்வல்னு தனியா நடத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. இதுக்கும் பப்ளிஷர் அதே வைலிதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு வெளிய இருக்கறவங்களுக்குப் புரியாது, அதனால அந்த ஜர்னல் என்னன்னு கொஞ்சம். 1971ல மொதல் இதழ். அதுலயே ஜூடித் ஜார்விஸ் தாம்சனோட கருக்கலைப்புக் கட்டுரை. காலைல கண் முழிச்சுப் பாக்கறீங்க, பக்கத்துல மயக்கமா ஒரு பிரபல வயலின் வித்வான், அவரோட கிட்னி போயிடுச்சு, உங்க ரத்தம் மட்டும்தான் ஒத்துப் போகுதுன்னு ரசிகருங்க உங்களக் கடத்திட்டு வந்து அவரோட டியூப் போட்டு இணைச்சு வெச்சிருக்காங்க, ஒம்போது மாசம் அப்படியே படுத்துக் கெடந்தா அவர் பொழைச்சுப்பார், கழட்டினா செத்துடுவார், கழட்டலாமா கூடாதா? எதிராளி சொல்ற மாதிரி கருவும் ஒரு முழு மனுஷ உயிர்தான்னே வெச்சுக்கிட்டாலும், அதுக்காக இன்னொருத்தர் உடம்பப் பயன்படுத்தற உரிமை தானா வந்துடாதுன்னு அவங்க வாதம். எதிராளி கேட்டத அப்படியே குடுத்துட்டு அதுக்கு மேல வாதாடறது, இன்னைக்கும் முதல் வருஷப் பசங்களுக்கு நான் இதத்தான் நடத்தறேன். அடுத்த வருஷம் 1972ல பீட்டர் சிங்கர் கட்டுரை. 1971 நவம்பர்ல கிழக்கு வங்காளத்துல (இப்போ பங்களாதேஷ்) ஜனங்க சோறு இல்லாம, இருக்க இடம் இல்லாம, மருந்து இல்லாம செத்துட்டிருக்கறப்போ உக்காந்து எழுதினது. குளத்துல குழந்தை முழுகுது, இறங்கினா டிரெஸ் சேறாகும்னு யாராவது நிப்பாங்களா, அப்போ தூரத்துல சாகறவங்களுக்கு மட்டும் ஏன் நிக்கறோம்னு கேக்கறார். நம்ம எல்லைக்குள்ள லட்சக்கணக்குல வந்து விழுந்த அகதிங்களப் பத்தின கட்டுரை அது. அதையே நம்மூர்ல சந்தா இல்லாத காலேஜ் மாணவர் ஒருத்தர் முறையாப் படிக்கணும்னா காசு கட்டச் சொல்லி ஒரு பக்கம் வந்து நிக்கும். சும்மா தேடினா பிடிஎஃப் கெடைக்குங்கறது வேற கதை.

சரி, ஜர்னல் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சாதான் இந்தக் கோபம் புரியும். போன ஐப்பசில ஒரு பேப்பர் வந்துது எனக்கு, பருவநிலைக்கு நஷ்ட ஈடு யார் குடுக்கணும்ங்கறது பத்தி, முப்பத்து நாலு பக்கம். மொதத் தடவை படிச்சப்போ அருமையா இருந்துது. ரெண்டாவது தடவை படிக்கறப்போ பதினோராம் பக்கத்துல ஒரு அடிக்குறிப்பு, அதுல நைசா 'பலனடைந்தவர்'ங்கற வார்த்தைய வேற அர்த்தத்துல மாத்திட்டாங்க, அதுக்கப்புறம் வர்ற மொத்தக் கட்டடமும் அந்த மாத்தின அர்த்தத்து மேலதான் நிக்குது. இத சும்மா தப்புன்னு எழுத முடியாது, அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டிருந்தா என்ன ஆகும்னும் நாமளே போட்டுப் பாக்கணும். ரெண்டு ஞாயித்துக்கெழமை போச்சு, மூணு பக்கம் எழுதிக் குடுத்தேன். வெளிய மழை, வீட்ல கரண்ட் இல்ல, லேப்டாப்ல 18 பர்சன்ட்ல சப்மிட் பட்டன அமுக்கினேன். வந்தது என்ன தெரியுமா, மெஷின் அனுப்பின ஒரு நன்றி மெயில், கூட அவங்க கம்பெனி புக் வாங்கினா தள்ளுபடின்னு ஒரு கூப்பன்.

எழுதினவருக்கும் காசு கெடையாது, ரெவ்யூ பண்ண எனக்கும் கெடையாது. எடிட்டருக்கு சில எடத்துல ஏதோ கொஞ்சம் ஆஃபீஸ் செலவுக்குன்னு வரும், பண்ற வேலைக்கு அது டீ காசு. இவ்வளவையும் இலவசமா வாங்கிட்டு, காப்பிரைட்டையும் எழுதி வாங்கிட்டு, அத எழுதினவர் வேலை பாக்கற அதே யுனிவர்சிட்டி லைப்ரரிக்கே சந்தா போட்டு விக்கறாங்க. இந்த பிசினஸ் எவ்வளவு லாபம்னு மொதல்ல கண்டுபிடிச்சவங்கள்ல ராபர்ட் மேக்ஸ்வெல் ஒருத்தர், 1951ல பெர்கமான் பிரஸ்ஸ வாங்கி வளத்து, 1991ல எல்சவியர்ங்கற இன்னொரு பப்ளிஷர்கிட்ட 44 கோடி பவுண்டுக்கு வித்தார். அந்த எல்சவியரோட தாய்க் கம்பெனில சயின்ஸ் பப்ளிஷிங் பிரிவோட லாபம் நூத்துக்கு முப்பத்தஞ்சுக்கு மேல. மளிகைக் கடைக்காரர்கிட்ட இந்த நம்பரச் சொல்லிப் பாருங்க, சிரிப்பார்.

ஆனா இதெல்லாம் பழைய புலம்பல், முப்பது வருஷமா எல்லாரும் சொல்றதுதான். அப்புறம் ஏன் 2023ல வெடிச்சுது? இங்கதான் பலரும் கவனிக்காத ஒரு திருப்பம் இருக்கு.

சந்தா முறைல ஒரு ஜர்னல் வருஷத்துக்குப் பதினஞ்சு கட்டுரை போட்டாலும் அம்பது போட்டாலும் லைப்ரரி குடுக்கறது கிட்டத்தட்ட ஒண்ணுதான், பேருக்குதான் காசு. அதனால கம்பெனிக்கும் எடிட்டர் கறாரா இருந்தா நல்லதுதான், பேர் கெடாம இருக்கும். அப்புறம் ஓப்பன் ஆக்சஸ் வந்துது, எல்லாரும் இலவசமாப் படிக்கலாம்னு நாமளும் கை தட்டினோம், ஆனா காசு எங்கேர்ந்து வரும்? கட்டுரைக்கு இவ்வளவுன்னு எழுதறவர் பக்கத்துலேர்ந்து. 2019 ஜனவரில ஜெர்மனி யுனிவர்சிட்டிங்க எல்லாம் சேர்ந்து வைலியோட ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அதுல ஒரு கட்டுரைக்கு 2,750 யூரோன்னு ரேட். அதே மாதிரி ஒப்பந்தங்க மத்த நாட்டுலயும் வந்துது. இப்போ கணக்கு தலைகீழ். ஒவ்வொரு கட்டுரையும் தனியா ஒரு பில். எடிட்டர் ஒரு கட்டுரைய ரிஜெக்ட் பண்ணா கம்பெனி பார்வைல அவர் 2,750 யூரோவ வாசல்லயே திருப்பி அனுப்பறார்னு அர்த்தம். நூத்துல தொண்ணூத்தஞ்ச திருப்பி அனுப்பறதத்தான் தன் பெருமையா நெனைக்கற ஒரு துறைக்கும் இந்தக் கணக்குக்கும் எப்படி ஒத்துப் போகும்?

எண்ணிக்கைய மட்டும் பாத்து ஓட்டினா எங்க போய் நிக்கும்னு அதே வைலிக்கே பாடம் கெடைச்சுது. 2021ல கிட்டத்தட்ட 30 கோடி டாலர் குடுத்து ஹிந்தாவின்னு ஒரு ஓப்பன் ஆக்சஸ் கம்பெனிய வாங்கினாங்க. ஸ்பெஷல் இஷ்யூ ஸ்பெஷல் இஷ்யூன்னு (ஒரே தலைப்புல தனி இதழ்) போட்டுத் தள்ளினதுல காசுக்கு போலி பேப்பர் எழுதித் தர்ற ஆளுங்க உள்ள புகுந்துட்டாங்க, 2023ல மட்டும் 8,000 கட்டுரைக்கு மேல வாபஸ், கடைசில அந்தப் பேரையே மூடிட்டாங்க. தத்துவத்துல அந்த அளவுக்குப் போலி வராது, உண்மையச் சொன்னா எங்க துறைல போலி பண்ணி என்ன கெடைக்கப் போகுது. ஆனா பதினஞ்சு கட்டுரைய அம்பதாக்குன்னா, நான் அந்த அடிக்குறிப்பக் கண்டுபிடிச்ச மாதிரி உக்காந்து படிக்கறதுக்கு ஆள் எங்க? ரெவ்யூ பண்ண ஆள் கெடைக்காம ஏற்கனவே எடிட்டருங்க பத்து பேருக்கு மெயில் போட்டு ரெண்டு பேரப் புடிக்கறாங்க.

இதுல நான் யார் பக்கம்னா, எடிட்டருங்க பக்கம். ஆனா அவங்கள ரொம்பத் தியாகி ஆக்கறதும் எனக்கு ஒத்துக்கல. நெருக்கடி தங்களோட மேஜை வரைக்கும் வந்தப்புறம்தான எழுந்தாங்க, சந்தா ஏறி ஏறி சின்ன காலேஜ் லைப்ரரி எல்லாம் ஜர்னல நிறுத்தினப்போ இதே போர்டுல பலரும் உக்காந்துதான் இருந்தாங்க. பெரும்பாலும் வேலை பர்மனென்ட் ஆனவங்க, ராஜினாமா பண்ணா அவங்களுக்குப் போறது ஒண்ணுமில்ல. போறது யாருக்குன்னா மூணு வருஷமா ஒரே பேப்பரத் திருத்தித் திருத்தி இப்போதான் 'சின்னத் திருத்தத்தோட ஏத்துக்கறோம்'னு பதில் வாங்கி வெச்சிருந்த போஸ்ட்டாக் பையனுக்கு, அதாவது பிஎச்டி முடிச்சுட்டு தற்காலிக ஆராய்ச்சி வேலைல இருக்கறவனுக்கு. அவன் வேலைக்கு அப்ளை பண்றப்போ செலக்‌ஷன் கமிட்டில இருக்கறவங்க பேப்பரப் படிக்க மாட்டாங்க, எந்த ஜர்னல்னு மட்டும் பாப்பாங்க, முந்நூறு அப்ளிகேஷன்ல அவங்களையும் சொல்லிக் குத்தமில்ல.

மொத்தத் தகராறுக்கும் வேர் இதுதான்னு நான் நெனைக்கறேன். நம்மூர்ல ஒரு பழைய ஹோட்டல்னு வெச்சுக்கோங்க. சரக்கு மாஸ்டர் முதலாளியோட சண்டை போட்டுக்கிட்டு எதிர் ரோட்ல தனியாக் கடை போட்டுட்டார்னா நாலு நாள்ல ஊருக்கே தெரிஞ்சுடும், சாம்பார் இப்போ அங்கதான்னு கூட்டம் ரோடத் தாண்டிடும். ஏன்னா சாப்பிடறவனுக்கு நாக்கு இருக்கு. ஜர்னல் விஷயத்துல ருசி பாக்கறவங்க கொஞ்சப் பேர்தான், மத்தவங்க எல்லாம் வாசல்ல தொங்கற பேர்ப் பலகையப் பாத்துதான் மார்க் போடறாங்க, அந்தப் பலகை கம்பெனி பேர்ல ரிஜிஸ்டர் ஆயிருக்கு. வைலிகிட்ட இருக்கறது அச்சு மெஷின் கூட இல்ல, அந்தப் பலகைதான். நாம குடுத்த மதிப்பத்தான் நமக்கே வாடகைக்கு விடறாங்க.

அப்போ ராஜினாமா பலிக்குமா? முன்னாடி நடந்தது ரெண்டு சொல்றேன், ரெண்டும் ரெண்டு விதமா முடிஞ்சுது. கணிதத்துல டோபாலஜின்னு எல்சவியரோட ஜர்னல், 2006ல எடிட்டருங்க மொத்தமா விலகினாங்க, ஜர்னல் ஆஃப் டோபாலஜின்னு லண்டன் கணித சங்கத்தோட சேர்ந்து ஆரம்பிச்சாங்க, பழசு கொஞ்ச நாள் இழுத்துட்டு 2009ஓட நின்னு போச்சு. மொழியியல்ல லிங்குவா, அதுவும் எல்சவியர்தான், 2015ல எடிட்டருங்களும் போர்டும் வெளிய வந்து குளோசான்னு ஆரம்பிச்சாங்க, குளோசா நல்லா நிலைச்சுடுச்சு. ஆனா லிங்குவா சாகல, புது ஆளுங்களப் போட்டு இன்னைக்கும் வந்துட்டுதான் இருக்கு. கணிதக்காரங்க சின்னக் கூட்டம், எல்லாரும் எல்லாரையும் அறிவாங்க, சொன்னா சொன்னபடி பழசுக்கு அனுப்பறத விட்டுட்டாங்க. அரசியல் தத்துவமும் அந்த மாதிரி சின்னக் கூட்டம்தான், அதனாலதான் பழைய ஜர்னலுக்கு அனுப்ப மாட்டோம், ரெவ்யூ பண்ண மாட்டோம்னு கையெழுத்துப் போட அவ்வளவு பேர் வந்தாங்க.

புது ஜர்னல் ரெண்டுமே ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியூமனிட்டீஸ்ங்கற அமைப்போட சேந்திருக்கு, லண்டன் பர்க்பெக் காலேஜ்ல இருக்கறது. எழுதறவரும் குடுக்க வேணாம், படிக்கறவரும் குடுக்க வேணாம், இதுக்கு டைமண்ட் ஓப்பன் ஆக்சஸ்னு பேர். சும்மா வந்துடுதான்னா இல்ல. 300க்கு மேல லைப்ரரிங்க வருஷா வருஷம் ஒரு சின்னத் தொகை போடறாங்க, அதுலேர்ந்து காப்பி எடிட்டிங், டைப்செட்டிங், சர்வர் எல்லாம். கம்பெனி ஒரு கட்டுரைக்குக் கேக்கற ரேட்டோட ஒப்பிட்டா செலவு ரொம்பக் கம்மி, ஆனா பட்ஜெட் வெட்டற வருஷம் லைப்ரரியன் மொதல்ல கை வெக்கறது இந்த மாதிரி 'குடுத்தாலும் குடுக்காட்டியும் படிக்கலாம்'ங்கற லைன்லதான், அதான் இதோட பலவீனம். தத்துவத்துக்கு இது புதுசும் இல்ல. ஃபிலாசஃபர்ஸ் இம்ப்ரின்ட்னு மிச்சிகன் யுனிவர்சிட்டிலேர்ந்து 2001லயே ஆரம்பிச்சு இன்னைக்கும் டாப்ல இருக்கு, நடுவுல செலவு கட்டுப்படியாகாம அனுப்பறவங்ககிட்ட 20 டாலர் வாங்க ஆரம்பிச்சாங்க. ஸ்டான்ஃபோர்ட் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபிலாசஃபி 1995லேர்ந்து இலவசம், நாமெல்லாம் பரீட்சைக்கு முந்தின ராத்திரி அதத் தொறந்து வெச்சுதான் பாஸ் ஆனோம்.

இன்னொண்ணு, பாதி பேர் கவனிக்கல. 2024ல வைலி தன்கிட்ட இருக்கற புத்தகம் மாதிரி சரக்க ஏஐ கம்பெனிங்களுக்கு டிரெயினிங்குக்கு லைசென்ஸ் பண்ணதுல கோடிக்கணக்குல டாலர் வருமானம் காட்டினாங்க. டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ்ங்கற இன்னொரு பப்ளிஷரோட தாய்க் கம்பெனியும் அதே வருஷம் மைக்ரோசாஃப்ட்டோட ஒப்பந்தம், மொதல் தவணையே ஒரு கோடி டாலர். காப்பிரைட்ட எழுதிக் குடுத்தாச்சு, எழுதினவங்களக் கேக்கணும்னு அவங்களுக்கு அவசியமே இல்ல.

நம்மூருக்கு இதுல என்னன்னு கேட்டா, நாமளும் இந்தக் கடைக்குப் பெரிய வாடிக்கையாளர் ஆயிட்டோம். ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்னு, நாட்டுக்கே சேத்து ஒரே சந்தா போடற திட்டத்துக்கு 2024 நவம்பர்ல மத்திய கேபினட் ஒப்புதல் குடுத்துது, 2025லேர்ந்து மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா, 30 பப்ளிஷர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், அரசு யுனிவர்சிட்டி காலேஜ்னு 6,300 இடத்துக்கு. படிக்கற பசங்களுக்கு நல்லதுதான், நான் பிஎச்டி பண்ணப்போ எங்க டிபார்ட்மென்ட்ல ஒரே ஒரு சீனியர் வெளிநாட்ல இருந்தாங்க, அவங்களுக்கு லிஸ்ட் அனுப்பினா சனிக்கெழமை சனிக்கெழமை பிடிஎஃப் வரும், அதுல ஒண்ணுல பக்கம் 212 மட்டும் ஸ்கேன் ஆகாம வந்து, அந்த ஒரு பக்கத்துல இருந்த வாதம் என்னன்னு நாலு மாசம் மண்டைய ஒடைச்சிட்டிருந்தேன். இப்போ அது வேணாம். ஆனா வருஷத்துக்கு 2,000 கோடி படிக்க மட்டும்தான, எழுதி ஓப்பன் ஆக்சஸ்ல போடணும்னா பெரும்பாலும் தனிக் காசு. 3,000 டாலர்னு ஒரு ஜர்னல் கேட்டா ரெண்டரை லட்சம் ரூபாவுக்கு மேல, மாசம் 37,000 ஜேஆர்எஃப் (பிஎச்டி பண்றவங்களுக்கான உதவித்தொகை) வாங்கற ஆளுக்கு ஏழு மாச ஸ்டைபண்ட். இன்னொரு பக்கம் 2020 டிசம்பர்ல எல்சவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூணும் சேர்ந்து டெல்லி ஹைகோர்ட்ல சை-ஹப் மேல, அதாவது காசு கட்டிப் படிக்க வேண்டிய பேப்பர இலவசமாத் தர்ற திருட்டு வெப்சைட் மேல, கேஸ் போட்டு, 2025ல அத முடக்க உத்தரவும் வாங்கிட்டாங்க. பிரைவேட் காலேஜ்ல படிக்கறவங்களுக்கு அந்தச் சந்தாவும் இல்ல, இந்தச் சந்தும் அடைச்சாச்சு.

இப்போ நீங்க கேட்ட கடைசிக் கேள்வி. பேப்பர் ரெடின்னா மொதல்ல ஃபில்ஆர்க்கைவ்ங்கற, தத்துவக் கட்டுரைங்கள இலவசமாப் போட்டு வெக்கற வெப்சைட்ல ஒரு காப்பி போட்டுடுங்க, பெரும்பாலான ஜர்னல் இதுக்குத் தடை சொல்றதில்ல, ஆனா அனுப்பற ஜர்னலோட விதிய ஒரு தடவை படிச்சுக்கோங்க, யார் என்ன பூட்டு போட்டாலும் படிக்கறவங்களுக்கு அது அங்க இருக்கும். அப்புறம் புது ரெண்டுல ஒண்ணுக்கு தைரியமா அனுப்புங்க. வெளிநாட்டு வேலைக்குப் பாக்கறீங்கன்னா அங்க கமிட்டில இருக்கறவங்களுக்கு இந்த ஜர்னல் யாரோடதுன்னு நல்லாத் தெரியும். சிக்கல் நம்மூர் இன்டர்வியூலதான். யுஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல் பட்டியலான கேர் லிஸ்ட்ட 2025 பிப்ரவரில கைவிட்டாங்க, இருந்தாலும் பல எடத்துல ஸ்கோபஸ்ங்கற ஜர்னல் டேட்டாபேஸ்ல இருக்கா, இம்பேக்ட் ஃபேக்டர் (ஒரு கட்டுரைய சராசரியா எத்தன தடவை மேற்கோள் காட்டறாங்கங்கற நம்பர்) எவ்வளவுன்னுதான் இன்னமும் கேக்கறாங்க, புது ஜர்னலுக்கு அதெல்லாம் வர நாளாகும். அதனால உங்க தீசிஸ்லேர்ந்து ரெண்டு பேப்பர் வருதுன்னா ஒண்ண இங்க, ஒண்ண ஏற்கனவே ஸ்கோபஸ்ல இருக்கற ஒரு ஜர்னலுக்கு, அதுவும் யுனிவர்சிட்டி பிரஸ் நடத்தற ஜர்னலாப் பாத்து. ஒரே பேப்பர ரெண்டு எடத்துக்கு ஒரே நேரத்துல மட்டும் அனுப்பிடாதீங்க, சிலர் அவசரத்துல பண்றாங்க, ரெண்டும் ஒரே ரெவ்யூவர்கிட்ட வந்து நிக்கும். எனக்கே ஒரு தடவை வந்துது.